தெயொலிந்தா தட்டாத கதவு

ஷெரீப் அலுவலகத்து ஆள் கோர்ட்டுத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனதும் தெயொலிந்தாவுக்கு வந்தது கோபமில்லை. அதில் தன்னைப் பற்றி என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்கிற ஆசைதான் வந்தது. போர்ச்சுகலின் தெர்செய்ரா தீவிலிருந்து சின்ன வயதில் கலிபோர்னியாவுக்கு வந்து, மாட்டுப் பண்ணைகளில் பால் கறந்தே முதுகு கூனியவள். இங்கிலீஷில் மாட்டைத் திட்டுவாள், படிக்கத்தான் வராது. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் சிநேகிதி ஒட்டிலியாவைக் கூப்பிட்டாள்.

ஒட்டிலியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். தெயொலிந்தாவின் தம்பி அன்செல்மோவின் மனைவி ப்ரெண்டா கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். விசாரணை வரைக்கும் தெயொலிந்தா அந்த வீட்டுக்கு நூறு கஜத்துக்குள் வரக்கூடாது. ப்ரெண்டாவிடம் பேசக்கூடாது, ஆள்விட்டும் பேசக்கூடாது. அந்த வீட்டில்தான் தெயொலிந்தாவின் அம்மா இருக்கிறாள். விசாரணையில் தோற்றால் தடை வருஷக்கணக்கில் நீளும். அம்மாவிடம் அத்தனை வருஷம் மிச்சமில்லை.

"காரணம் என்ன சொல்லியிருக்கா? அதப் படிடி."

"தட்டாம பின்வாசல் வழியா உள்ள வந்தியாம். அவ சமையலக் குப்பையில கொட்டினியாம். கையில கத்தியோட கத்தினியாம்."

"கீரை நறுக்குறவ கையில கத்தி இல்லாம பூவா இருக்கும்?"

"கத்தினியா?"

"நான் எப்பக் கத்தாம பேசியிருக்கேன்?"

"கொட்டினியா?"

"அம்மாவுக்கு டப்பா சூப்பு சூடு பண்றா. கொட்டாம கொஞ்சுவாங்களா?"

ஒட்டிலியா அடுத்த வரியைப் படித்தாள். "பயந்துபோய் பாத்ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டு அழுதாளாம்."

தெயொலிந்தா தாளை எட்டிப் பார்த்தாள். "அழுதாளா? நான் பேசிட்டிருக்கும்போதே திமிரா குளிக்கப் போயிட்டான்னு நெனச்சேனே."

பதில் எழுத உட்கார்ந்தார்கள். ப்ரெண்டாவுக்குச் சமைக்கத் தெரியாது என்பதை முதலில் எழுதச் சொன்னாள் தெயொலிந்தா.

"நீதிபதி சூப்பு குடிச்சுப் பார்க்கப் போறதில்ல. நடந்ததச் சொல்லு."

முனகிக்கொண்டே சொன்னாள். கத்தி இருந்தது உண்மை. கத்தினது உண்மை. அவள் பயப்படுவாள் என்று தோன்றவே இல்லை, அதுவும் உண்மை. ஒட்டிலியா எழுதிக் கோர்ட்டில் கொடுத்து, கோர்ட்டு விதிப்படி ஒரு பிரதியை ப்ரெண்டாவுக்குத் தபாலில் போட்டாள்.

திரும்பி வந்தால், தெயொலிந்தா இனிப்பு ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். சண்டை போட்ட வீட்டுக்கு ரொட்டி அனுப்புவதுதானே அவர்கள் வழக்கம்.

"இத அவகிட்டக் குடுத்திரு."

"பைத்தியமா உனக்கு? ரொட்டி அனுப்பினாலும் ஆள்விட்டதுதான். போலீசு வரும்."

"ரொட்டிக்கா?"

"ரொட்டிக்குத்தான்." ஒட்டிலியா அதில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அதற்குள் பரிசுத்த ஆவித் திருவிழா வந்தது. வெள்ளிக் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே கோயிலுக்கு நடக்கும். வழியில்தான் அன்செல்மோவின் வீடு. ஒரு வருஷம்கூட தெயொலிந்தா அந்த ஊர்வலத்தை விட்டதில்லை.

"கிரீடத்தோட போறவள எந்தப் போலீசு பிடிக்கும்? சும்மா வா அக்கா," என்றார்கள் திருவிழா விருந்துக்குச் சமைக்கிற பெண்கள். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. ஒட்டிலியாவோ காதில் சொன்னாள்: "இத மீறிட்டா, அப்புறம் நீ சொல்ற எந்த உண்மையையும் நம்பமாட்டாங்க."

தம்பி வீட்டுத் தெரு முனையில் தெயொலிந்தா ஊர்வலத்தை விட்டு விலகினாள். திருவிழாச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாதாம் தோப்பைச் சுற்றிச் சேற்றில் நடந்தாள். தூரத்தில் வீட்டு முகப்பில் அம்மா சக்கர நாற்காலியில் இருந்தாள். கடந்துபோகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சத்தம் போட்டால் போதும், அம்மா திரும்பியிருப்பாள். நாலு பண்ணைக்குக் கேட்கிற தொண்டை அது. தெயொலிந்தா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் பின்னால் நின்ற ப்ரெண்டா அதைப் பார்த்தாள்.

விசாரணையில் நீதிபதி கேட்டார், "ஏம்மா, கதவைத் தட்டியிருக்கலாமே?"

"தட்டுறது அந்நியருங்கய்யா. கூடப் பொறந்தவன் வீட்டுக் கதவத் தட்டினா, உறவே இல்லன்னு சொன்ன மாதிரி எங்களுக்கு. அவ பயந்துபோவான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கத்தியக் கீழ வெச்சிருப்பேன்." கொஞ்சம் யோசித்தாள். "சூப்ப எப்படியும் கொட்டியிருப்பேன்."

ப்ரெண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். "அன்னிக்கு ஊர்வலத்துல அவங்க வந்திருந்தா யாரும் தடுத்திருக்கமாட்டாங்க. வரல. எனக்குத் தடை வேணாம் சார். தட்டிட்டு வரட்டும், அது போதும்."

நீதிபதி தடையை நீட்டவில்லை. ஞாயிறு மதியம் வரலாம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு தெயொலிந்தா புது ரொட்டியோடு முன்வாசலில் நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவை வெளியிலிருந்து அவள் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. மணி எங்கே இருக்கிறது என்று தேடினாள். கிடைக்கவில்லை. விரல் முட்டியால் தட்டினாள். கூச்சமாக இருந்தது.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாரோ வெளியாளு வந்திருக்காங்க, பாரு ப்ரெண்டா!"

"வெளியாளு இல்ல அத்தை," என்றாள் ப்ரெண்டா, தாழ்ப்பாளை விலக்கியபடி. "உங்க மகதான். தட்டப் பழகுறாங்க."