மாப்பிள்ளை வந்து போன நேரங்கள்

அந்த ஆண்டுகளில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கும் யாராவது ஒருவரின் ஸ்பொன்சருக்காகக் காத்திருந்தார்கள். வடக்கில் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள். நாங்களும் அந்தக் கூட்டம்தான். என் தங்கச்சியை இரண்டு தடவை பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்ப் பொழுதுபடும் நேரம் விட்டிருந்தார்கள். மூன்றாம் தடவைக்கு முன் அவளை வெளியே அனுப்பிவிட வேண்டும்.

அவளுக்கு எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், மாசியில் முதல் புதன்கிழமை காலை பத்தரைக்கு நடந்தது. மாப்பிள்ளை ஐரோப்பாவிலிருந்து மூன்று கிழமை லீவில், இருபத்தொரு நாளுக்கு, வந்திருந்தார். நாட்டுச் சட்டப்படி அன்றே அவர்கள் கணவன் மனைவி. எங்களோடு இருந்த பெரியம்மாவின் சட்டம் வேறு: தாலி ஏறும்வரை அவர் அந்நிய ஆண். அந்த வருடம் தாலிக்கு நல்ல நாளே இல்லை என்று ஒரு சாத்திரி சொல்லிவிட்டார். ஆகவே மாப்பிள்ளை பம்பலப்பிட்டியில் சிநேகிதர் வீட்டில் தங்கினார். பின்னேரங்களில் வந்து, பெரியம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். கலியாணம் கட்டிய பெண் கதவு நிலையோடு நிற்பாள்.

தங்கச்சியின் விசாவுக்குத் தூதரகத்தில் கொடுக்கும் மனுவை நிரப்பியவன் நான். எதையும் நாளோடும் நேரத்தோடும் குறித்துவைக்கிறவன், நாலு புத்தகம் படித்தவன் என்ற மிதப்பும் இருந்தது. திருமணம் உண்மையானது என்பதற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்த நேரம், போன நேரம், அப்போது கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் டயறியிலிருந்து எடுத்து, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, நான்கு பக்கம் இணைத்தேன். இப்படி ஓர் ஆவணத்தை அந்தத் தூதரகம் கண்டிருக்காது என்று நினைத்தேன். அது மட்டும் சரி.

நேர்முகத்துக்குப் போகும் காலை பெரியம்மா தங்கச்சிக்குப் பாடம் நடத்தினார்.

"பிள்ளை, ஒரு நிமிசமும் எங்களைத் தனிய விடேல்லை எண்டு சொல்லு. நல்ல குடும்பம் எண்டு வெள்ளைக்காரனுக்கு விளங்கட்டும்."

"அதையோ கேக்கப்போறான், பெரியம்மா?"

"கேக்காட்டியும் சொல்லு."

சொல்லிவிட்டு வந்தாள். வாசலில் நின்ற என்னிடம், "அண்ணை, அந்த ஒஃபிசர் உங்கட பேப்பரை எடுத்து ஒவ்வொரு நாளா விரல் வைச்சு வாசிச்சவர். பிறகு சிரிச்சவர்," என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழு கிழமை கழித்து, ஒரு வியாழக்கிழமை, மறுப்புக் கடிதம் வந்தது. இருவரும் ஒருநாளும் சேர்ந்து வாழவில்லை. விசாவுக்காகச் செய்த கலியாணம். ஆதாரம்: மனுதாரர் தரப்பே தந்த நான்கு பக்கங்கள்.

"ஒழுக்கமா வளத்த பிள்ளையைக் கள்ளி எண்டு எழுதியிருக்கிறாங்கள். மானம் ரோசம் இல்லாதவங்கள்!" என்று பெரியம்மா கத்தினார். ஒரே அறையில் படுத்தால்தான் கலியாணம் என்று நம்பும் அதிகாரி ஒரு பக்கம். படுக்காததுதான் பெருமை என்று நம்பும் பெரியம்மா மறுபக்கம். இரண்டு முட்டாள்தனங்களுக்கும் நடுவில் அட்டவணை போட்டுக் கொடுத்த மூன்றாவது முட்டாள் நான்.

மாப்பிள்ளைக்கு மறுபடி லீவு கிடைத்தது அடுத்த வருடம் ஆடியில். ஆடியில் தாலி கட்டக்கூடாது. ஆவணி பிறக்குமுன் லீவு முடிந்துவிடும். அவர் வந்திறங்கிய மறுநாள் தங்கச்சி ஒரு பையோடு முன்னறைக்கு வந்தாள்.

"அண்ணை, கல்கிசைக்கு ஒரு ஓட்டோ பிடிச்சுத் தாங்கோ. அவர் ஹோட்டலில ரூம் எடுத்திருக்கிறார். ஒரு கிழமை."

"ஐயோ, தாலி இல்லாமலோ! சனம் என்ன கதைக்கும்?" பெரியம்மா வாசலை மறித்தார்.

"கதைக்கட்டும். கதைக்கிறதை எழுத்தில வாங்கி வையுங்கோ, பெரியம்மா. ஃபைலுக்கு உதவும்."

இரண்டாவது மனுவை அவளே நிரப்பினாள். என்னைப் பக்கத்தில் விடவில்லை. இருவர் பெயரும் போட்ட ஹோட்டல் பில்லை முதல் பக்கத்தில் குத்தினாள். மனுக் கொடுத்த ஐந்தாம் மாதம் விசா வந்தது. தான் பிள்ளையாருக்கு நேர்ந்த தேங்காய்கள்தான் காரணம் என்று பெரியம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். கல்கிசையில் போன அந்த ஒரு கிழமை அவர் கதையில் வரவே இல்லை.