வக்கீல் வீட்டுக்குப் போன பொங்கல்

நான் இண்டர்மீடியட் படித்தது சென்னையில், குடியிருந்தது திருக்கழுக்குன்றத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு பஸ்ஸும் ஒரு ரயிலும் இருந்தன. பஸ் என்னைச் செங்கல்பட்டில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து பாசஞ்சர் வண்டி. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அந்த வண்டிக்கு இருந்த பணிவு வேறு எந்த ஜீவனுக்கும் இருந்திருக்காது. மெயில் வந்தால் ஒதுங்கி நிற்கும். எக்ஸ்பிரஸ் வந்தால் ஒதுங்கி நிற்கும். கூட்ஸ் வண்டிக்குக்கூட வழிவிட்டு நிற்கும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வண்டலூர்ப் பொட்டலைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

கல்லூரியில் முதல் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அரைநாள் ஆப்சென்ட். வேர்க்க விறுவிறுக்க ஓடிப்போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து மத்தியானம் வரை பாடம் கேட்டாலும், கணக்குப்படி நான் வரவில்லை. முதல் வருஷம் எப்படியோ தப்பித்தேன். இரண்டாம் வருஷம் வண்டியின் நேரத்தைத் தள்ளிவைத்தார்கள்; கொஞ்சம் லேட்டானாலும் முதல் வகுப்பு போய்விடும். அதிலிருந்து வாரத்தில் பாதி நாள் நான் இருந்தும் இல்லாதவன் ஆனேன். ஹாஸ்டலில் சேர்வதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. அப்பா கோயில் மடைப்பள்ளியில் சமையல் செய்பவர்.

தீபாவளி கழிந்து சில நாளில் கல்லூரி ஆபீஸ் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு, "இப்படியே போனா பரீட்சைக்கு உன்னை அனுப்ப மாட்டாங்க தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஈரத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "யாரைப் பிடிக்கறதுன்னு யோசிக்கணும்" என்றார்.

எங்கள் வீட்டில் எல்லாச் சங்கடத்துக்கும் இதுதான் வைத்தியம். பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமா, ரேஷனில் அரிசி நின்றுபோயிற்றா, யாரைப் பிடிக்கலாம் என்றுதான் முதலில் பார்ப்போம். "நானே போய், பேர் கூப்பிடற இங்கிலீஷ் ப்ரொபசர்கிட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அப்பா பதறிப்போனார். "அசடே, நீ போய்க் கேட்டு அவர் முடியாதுன்னு சொல்லிட்டா? ஒரு தடவை இல்லேன்னு வாயால சொன்னதை அப்புறம் யாரால மாத்த முடியும்? நீ சும்மா இரு." அந்த வயதில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

செங்கல்பட்டில் ஒரு பெரிய வக்கீல் இருந்தார். எங்கள் கல்லூரி முதல்வரும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவு திறந்துவிடும் என்பது அப்பாவின் நம்பிக்கை. மறு ஞாயிற்றுக்கிழமையே, கோயிலில் தன் பங்குக்கு வரும் சர்க்கரைப் பொங்கலை ஒரு தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வக்கீல் வீட்டு முன்கூடத்தில் கட்சிக்காரர்கள் கூட்டம். நாங்கள் ஓரத்துப் பெஞ்சில் காத்திருந்தோம். கடைசியில் வக்கீல் நிமிர்ந்து பார்த்து, "என்ன ஓய், சௌக்கியமா? பொங்கலா? பேஷ்" என்றார். தூக்கு உள்ளே போயிற்று. அலம்பித் துடைத்து, இரண்டு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தது. அப்பா கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வெளியே வந்துவிட்டோம்.

"ஏம்ப்பா, ஒண்ணுமே கேக்கலியே?"

"கையில பிரசாதத்தை வெச்சுண்டு எப்படிடா கேக்கறது? ஸ்வாமிக்குப் படைச்சதை விலை பேசினா மாதிரி ஆயிடாதா?"

"அப்போ அடுத்த தடவை வெறுங்கையோட போவோம்."

"பெரிய மனுஷாளைப் பார்க்க வெறுங்கையோட போவாளா யாராவது?"

கொண்டுபோனால் கேட்கக்கூடாது, கேட்கவேண்டுமானால் கொண்டுபோகக்கூடாது, கொண்டுபோகாமல் போகவே கூடாது. "அவரா ஒரு நாள் கேப்பார். அப்போ சொல்லணும். அதுதான் முறை" என்றார் அப்பா.

அந்த முறைப்படி கார்த்திகை, மார்கழி முழுக்கப் போனோம். தையிலும் போனோம். பொங்கல் போயிற்று, வடை போயிற்று, பஞ்சாமிர்தம்கூட ஒரு தடவை போயிற்று. வக்கீல் வீட்டில் எல்லோருக்கும் எங்களை நன்றாகத் தெரிந்துவிட்டது. தெருவில் திரும்பும்போதே அவர்கள் வீட்டுக் குழந்தைகள் ஓடிவந்து தூக்கை வாங்கிக்கொள்வார்கள். இதற்கிடையில் நான் ரயிலில் போவதும், ஆப்சென்ட் வாங்குவதும் தவறாமல் நடந்துகொண்டிருந்தன. இரவில் படுத்தால் எனக்கு எரிச்சலும் பயமும் மாறிமாறி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீல் நல்ல உற்சாகத்தில் இருந்தார். ஏதோ கேஸ் ஜெயித்திருக்க வேண்டும். பொங்கலை எங்கள் எதிரிலேயே ஒரு வாய் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தார். "பையன் காலேஜ்ல இருக்கான் இல்லையா? எப்படிப் படிக்கறான்?"

இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான். அப்பா கைகூப்பி எழுந்து நின்றார்.

"உங்க ஆசீர்வாதத்துல நன்னா படிச்சுண்டிருக்கான்" என்றார்.

"பேஷ், பேஷ்" என்று சொல்லிவிட்டு வக்கீல் கட்சிக்காரர் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். பெரியவர்கள் பேசி முடித்த இடத்தில் பையன் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். தெருவுக்கு வந்ததும் அப்பா ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். "வாயில தானா வந்துடுத்துடா" என்றார். பெரியவர்கள் யார் எப்போது கேட்டாலும் அவர் சொல்லிப் பழகிய பதில் அது ஒன்றுதான். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படலாமே என்று முயற்சி செய்து பார்த்தும் வரவில்லை.

மாசி மாதம் கல்லூரி நோட்டீஸ் போர்டில் பரீட்சைக்குத் தகுதி இல்லாதவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஆனபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. நேராக ஆங்கில ப்ரொபசர் அறைக்குப் போய் நின்றேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரயில்தான் காரணம்னு ஏம்பா என்கிட்ட முன்னாடியே சொல்லலை? ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட, வண்டி லேட்டுன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக் குடுத்தா அந்த நாளெல்லாம் வந்ததாவே எழுதிடுவோமே. அரக்கோணம் பசங்க எல்லாரும் அப்படித்தானே குடுக்கறாங்க!"

"இப்போ வாங்கிண்டு வரட்டுமா சார்?"

அவர் தலையை ஆட்டினார். "லிஸ்ட் யூனிவர்சிட்டிக்குப் போயிடுச்சுப்பா. இனிமே என் கையில இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. அத்தனை நல்ல மனிதர் அத்தனை மாதமும் வராந்தாவின் கோடியில், திறந்த கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கல்லூரிக் கொடிமரத்தடியில் நின்று வாய்விட்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் மடைப்பள்ளி வாசலில் அப்பாவிடம் சொன்னேன். ப்ரொபசர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஸ்டேஷன் மாஸ்டரா?" என்றார் அப்பா. "அவரை நமக்கு யாருன்னே தெரியாதேடா."

பிறகு, "அம்மாவுக்கு இப்போ சொல்லாதே. ஏதாவது வழி பண்றேன்" என்றார். என்ன வழி என்று நான் கேட்கவில்லை. அவரிடம் ஒரு வழியும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பரீட்சை ஆரம்பமான அன்று அம்மா தயிர்சாதம் கட்டிக் கொடுத்து, நெற்றியில் விபூதி இட்டு அனுப்பினாள். செங்கல்பட்டுப் பக்கம் போனால் தெரிந்தவர்கள் கண்ணில் படுவேன். ஊர்க்கோடிக்கு நடந்துபோய், எதிர்ப்பக்கம் போகும் மகாபலிபுரம் பஸ்ஸில் ஏறினேன். கடற்கரையில் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தேன். இந்நேரம் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள், இந்நேரம் முதல் மணி அடித்திருப்பார்கள் என்று மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. பாடமெல்லாம் வேண்டாத நேரத்தில் வரிவரியாக ஞாபகம் வந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் மத்தியானம் கிட்டே வந்தார். "இன்னா சாமி, காலைலேர்ந்து இங்கியே குந்திகினு கீற? வூட்ல எதுனா பேஜாரா?"

"இல்லே. காலேஜ் லீவு."

"லீவுன்னா மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

மாலையில் ஊர்க்கோடியிலேயே இறங்கிக்கொண்டேன். செங்கல்பட்டிலிருந்து பஸ் வந்து போகும் வரை புளியமரத்தின் பின்னால் நின்றுவிட்டு, அதில் வந்தவன்போலக் கடைத்தெருவில் நடந்தேன். வெற்றிலைக்கடை வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கூடக் கோயில் மணியக்காரரும் இன்னும் இரண்டு பேரும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்பாதான் முதலில் பேசினார். "வாடா. கேள்வியெல்லாம் எப்படி இருந்தது?"

"சுலபமாத்தான் இருந்ததுப்பா" என்றேன்.

மற்றவர்களுக்கு அது போதும். மணியக்காரர் தலையை ஆட்டிவிட்டு வெற்றிலை மடிக்கத் திரும்பிவிட்டார். ஆனால் அப்பா விடவில்லை. என் அருகில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "எல்லாத்தையும் எழுதினியோ?" என்றார்.

"எழுதினேம்ப்பா."

அவர் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்காக நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர்கள் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அந்த ஒரு கணம் அவர் நிஜமாகவே நம்பிவிட்டார்.