ஓடாத டயருக்கு வாரண்டி உண்டா

நான் இருக்கும் இந்த நார்வே ஊரில் டயர்களுக்கு ஓட்டல் உண்டு. கேலிக்குச் சொல்லவில்லை, அதன் பெயரே டெக்ஹோட்டல்தான், டெக் என்றால் டயர். குளிர்காலத்துக்கு ஒரு செட் டயர், கோடைக்கு ஒரு செட் டயர் என்று இங்கே ஒவ்வொரு காருக்கும் இரண்டு உடுப்பு. ஈஸ்டர் கழிந்து பனி உருகத் தொடங்கியதும் ஊரே வரிசையில் நின்று பனி டயர்களைக் கழற்றிக் கொடுக்கும். அவற்றைக் கழுவித் துடைத்து, உடையவர் பெயரை ஒட்டி, வெயில் படாத அறையில் பாரம் எதுவும் ஏறாமல் அடுக்கி வைப்பார்கள். கேரள எல்லையில், எங்கள் பாறசாலைப் பக்கம் ஒரு டயர் ஓய்வு பெற்றால் அதைக் கிணற்றடியில் போட்டு மண் நிரப்பி சேம்பு நடுவோம். இந்தக் கவனிப்பை முதல் வருஷம் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த வருஷம் சிரிப்பு வரவில்லை.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். மகள் என்னோடு இருந்து பள்ளியில் படிக்கிறாள். கணவர் வில்சன் பாறசாலையில் எங்கள் வீட்டில் இருக்கிறார். அமரவிளையில் மோட்டார் பம்பும் பைப்பும் விற்கிற சின்னக் கடை அவருடையது. ஒரு குளிர்காலம் முழுக்க எங்களோடு வந்து தங்கிப் பார்த்தார். மத்தியானம் கழிந்ததும் இருட்டுவதை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். "இஞ்ச ஆளு பேசுத சத்தமே இல்லியே ஷீலா" என்பார். கடைசியில் கடையைப் பூட்டிப் போட்டால் வாடிக்கை போய்விடும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். நானும் பிடித்து நிறுத்தவில்லை. தண்ணீரில் கிடக்கிற மீனைக் கரையில் வைத்து அழகு பார்க்கிற அளவுக்கு எனக்குக் கல்நெஞ்சு கிடையாது. மகளின் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நான் ஊருக்கு வந்துவிடுவது என்று பேச்சு. அந்தப் பேச்சை நம்பித்தான், போன ஓணத்துக்கு முந்தின ஓணத்தில் ஒரு புதுக் கார் வாங்கினோம். காரை என் பெயரில்தான் எடுக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

எங்கள் குடும்பத்தில் புது வண்டி வந்தால் ஒரு வழக்கம் உண்டு. முதலில் சபைக்குக் கொண்டுபோக வேண்டும், போதகர் வண்டிமேல் கைவைத்து ஜெபம் செய்வார். அடுத்த ஓட்டம் மனைவியை முன்சீட்டில் இருத்தி அவள் பிறந்த வீட்டுக்கு. மற்ற ஓட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். என் பிறந்த வீடு பனச்சமூட்டில், அம்மா அங்கே இருக்கிறார். ஜெபத்தை நான் வீடியோவில் பார்த்தேன். பக்கத்து வீட்டு சுகுமாரண்ணன் போதகர் போகும்வரை பொறுமையாகக் காத்து நின்றார். போனதும், எதற்கும் இருக்கட்டும் என்று நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வில்சன் தடுக்கவில்லை. "கர்த்தருக்கு எலுமிச்சம்பழத்தோட என்ன பகை" என்று சொல்லி வண்டியை ஏற்றி நசுக்கினார். அந்தக் கிறிஸ்மசுக்கு நான் வருவதாக இருந்தேன். இல்லத்தில் ஆள் பற்றவில்லை, லீவு கிடைக்கவில்லை. அடுத்த கோடையில் டிக்கெட் போட்ட பிறகு மகளுக்கு குடல்வால் ஆபரேஷன். அதற்கடுத்த கிறிஸ்மசும் இதே கதைதான். வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டாம், உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும்.

வழக்கத்தை விடுங்கள், மழையில் நனைந்து ஸ்கூட்டரில் அலைய வேண்டாம், முழங்காலும் சரியில்லை, காரை எடுங்கள் என்று அவரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். எடுக்கிறேன் என்றார். ஒவ்வொரு வாரமும் செய்தி வரும். "காட்டாக்கடைச் சந்தைக்குப் போயிட்டு இப்பத்தான் வாறேன். ஏசி போட்டா உள்ள ஒனக்க நார்வேயாக்கும்." நான் மகளிடம் சொல்லிச் சிரிப்பேன். பகலெல்லாம் பாட்டிகளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது, அவர் அமரவிளையிலிருந்து வீட்டுக்கு மழை படாமல் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைக்கையில் மனதுக்கு ஒரு சுகமாக இருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவர் கூப்பிட்டார்.

"ஷீலா, புது வண்டிக்கு வாரண்டி உண்டும்லா. அதுல டயரும் வருமா?"

"எங்க கொண்டு இடிச்சீங்க?"

"இடிக்கவொண்ணும் இல்ல. நாலு டயர்லயும் வெடிப்பு விழுந்து கெடக்கு. புது டயராக்கும். தேயவே இல்ல. அப்ப கம்பனி குத்தம்தானே? வண்டி ஒனக்க பேருல இருக்கு, நீயே கூப்பிட்டு இங்கிலீஷுல நாலு கேளு."

எனக்கு ரத்தம் கொதித்தது. வாங்கி இரண்டு வருஷம் ஆகவில்லை, டயர் வெடிக்கிறதா? மறுநாள் காலை மகள் எழுவதற்கு முன்பே நெய்யாற்றின்கரை ஷோரூமைக் கூப்பிட்டுப் பிடிபிடியென்று பிடித்தேன். சர்வீஸ் பிரிவில் இருந்த இளைஞர் என் இங்கிலீஷைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு மலையாளத்தில் பதில் சொன்னார். காருக்குத் தரும் வாரண்டியில் டயர் சேராது. டயர் செய்த கம்பெனி தனியாக ஒரு வாரண்டி தரும். அதுவும் செய்யும்போதே குறை இருந்தால்தான். ஆணி குத்தினாலோ, குழியில் விழுந்தாலோ, காற்றில்லாமல் கிடந்து கெட்டாலோ எல்லாம் நம் பாடுதான். எந்தக் குழியிலும் விழவில்லையே என்று நான் விடாமல் நின்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "டயறின்டெ குற்றமல்ல மேடம். வண்டி ஓடியிட்டேயில்லல்லோ" என்றார்.

வண்டி ஓடவே இல்லை. வில்சன் கூப்பிட்டு, ஷோரூம் ஆட்கள் ஏற்கெனவே வீட்டுக்கே வந்து பார்த்திருக்கிறார்கள். ஷோரூமிலிருந்து வீடு, வீட்டிலிருந்து சபை, சபையிலிருந்து வீடு, மீட்டரில் அவ்வளவுதான். தகரக் கொட்டகையின் சூட்டில் ஒரே இடத்தில் நின்று, காற்று இறங்கி, மொத்த பாரமும் ரப்பரின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து வெடித்திருக்கிறது. "முன்சீட்டு பிளாஸ்டிக் கவர்கூட எடுக்கவில்லை மேடம்" என்று மலையாளத்தில் இரக்கமாகச் சொன்னார். நான் நன்றி சொல்லி வைத்தேன். வைத்த கையோடு வில்சனைக் கூப்பிட்டேன்.

"காட்டாக்கடைக்கு எதுல போனீங்க?"

"ஸ்கூட்டர்ல."

"அப்ப ஏசி?"

"எட்டீ, நீ இல்லாம நான் எப்படி எடுக்க? ஒன்னப் பனச்சமூட்டுக்குக் கொண்டு போனதுக்குப் பொறவுல்லா மத்த ஓட்டம். ஆனா சும்மா போடல. டெய்லி கழுவுவேன்."

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பொய் சொன்னாரே என்ற கோபம் கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு அந்தக் கொட்டகையில் நின்று, ஓடாத காரைத் தினமும் கழுவுகிற மனிதர் கண்ணுக்குள் வந்துவிட்டார். மகள் எழுந்துவிடாமல் குளியலறைக்குள் போய் அழுதேன். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். இதை இவ்வளவு நேராக நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

ஈஸ்டர் கழிந்து என் பனி டயர்களை ஓட்டலில் விடப் போனேன். அங்கே இருப்பவர் நல்ல மாதிரி, தாடிக்காரர், நிதானமாகப் பேசுவார். என் நார்வீஜியன் பாஷை வயதானவர்களிடம் வலி எங்கே, மருந்து விழுங்கினீர்களா என்று கேட்டுப் பழகியது. அதை வைத்துக்கொண்டு, ஓடாமல் நின்றே வெடித்த புது டயருக்கு உங்கள் நாட்டிலாவது வாரண்டி உண்டா என்று கேட்டேன். இங்கேயும் கிடையாதாம். அந்தக் காரை ஏன் ஓட்டவில்லை என்று கேட்டார். "என் கணவர் எனக்காகக் காத்திருக்கிறார்" என்றேன். தாடிக்காரர் சட்டென்று ஜன்னல் வழியாக வெளியே நின்ற கார்களை எட்டிப் பார்த்தார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். இரண்டு பேப்பர் கப்பில் காபி ஊற்றி, ஒன்று எனக்கு, ஒன்று வெளியே குளிரில் காத்திருக்கும் என் கணவருக்கு என்று என் கையில் கொடுத்தார். விளக்கிச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை, மனதும் வரவில்லை. இரண்டு கப்பையும் தூக்கிக்கொண்டு வந்து காரில் ஏறினேன்.

இந்த நாட்டில் ஓட்டுபவர் இடது பக்கம் உட்கார வேண்டும். எங்கள் ஊர்க் காரில் அது என் இடம். வலது பக்கம்தான் வில்சன் இருந்து ஓட்டும் இடம். இங்கே அது காலி. அவருக்கான காபியை அந்தப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னுடையதைக் குடித்தேன். மற்றது ஆறிப்போனது. அதையும் குடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"அத்தான், புது டயர் போடுங்க. ஞாயித்துக்கெழம சபை கழிஞ்சு அம்மாவப் பாக்கப் போங்க."

"நீ வந்த பொறவு போடுவோம். இல்லெங்கி அதுவும் வெடிக்கும்."

"வெடிக்கும். அதுக்குத்தான் சொல்லுதேன். நான் இந்தக் கிறிஸ்மசுக்கும் வரமாட்டேன். இவ படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் உண்டு. அதுக்குப் பொறவும் அவ இஞ்சதான் படிப்பேண்ணு நிக்கா."

இதை நான் அவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு போனிலும் அடுத்த லீவு, அடுத்த லீவு என்று பேசியே காலத்தைத் தள்ளியிருந்தோம்.

"தெரியும்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு, "நீ ஏறாம போனா அது வழக்கம் ஆவுமா?" என்று கேட்டார்.

"நான் போன்ல வாறேன். சுகுமாரண்ணன் எலுமிச்சம்பழம் வெச்சது மட்டும் நம்ம வழக்கமா?"

அவர் சிரித்தார். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

ஞாயிற்றுக்கிழமை டூட்டிக்குப் போக நான் காரில் ஏறி உட்கார்ந்த நேரம் வீடியோ அழைப்பு வந்தது. வாசல் ஓரத்தில் அழுக்குப் பனி கொஞ்சம் மிச்சம் கிடந்தது. போனுக்குள் பாறசாலையின் ஏப்ரல் வெயில் கண் கூசியது. புது டயர் நாலையும் சுற்றிச் சுற்றிக் காட்டினார். முன்சீட்டின் பிளாஸ்டிக்கை மட்டும் எடுக்கவில்லை, அது நான் வந்து கிழிப்பதற்காம். எங்கள் மரத்தில் காய்த்த பெரிய பலாப்பழம் ஒன்றை, எங்கள் பேச்சில் சக்கை, அம்மாவுக்கென்று அந்தச் சீட்டில் ஏற்றி, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தார். வண்டியைக் கிளப்பியதும் உள்ளே கீ, கீ என்று ஏதோ கத்தத் தொடங்கியது.

"என்னது அத்தான்?"

"பெல்ட்டு போடச் சொல்லுது. சக்கைக்க கனம் பாத்துட்டு, நீ ஏறி இருக்கேண்ணு வண்டி நெனைக்கு." பலாப்பழத்தின்மேல் கை வைத்தார். "எடுத்துப் பின்னால வெக்கட்டா?"

"வேண்டாம். போட்டு விடுங்க."

எட்டிக் குனிந்து பெல்ட்டை இழுத்துப் பலாப்பழத்தின் குறுக்கே மாட்டினார். சத்தம் நின்றது.

"அப்ப போவமா?" என்றார்.

நின்றுகொண்டிருந்த என் காரில், அதே இடது பக்கத்தில் இருந்தபடி, நானும் என் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன். "போவோம்" என்றேன்.