கங்காவுக்கு அழுத அழுகை

முனியம்மாள் எதையும் மறக்கிற ரகமில்லை. மண்ணூரில் அவளோடு வாய்க்கால் தகராறு பண்ணியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், ஒரே மகள் கங்கா மஞ்சள் காமாலையில் போனபிறகு சேற்றில் இறங்கவே பிடிக்காமல், ஓவியர் லீலாவின் தோட்ட வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்த வீட்டில் மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் கலைஞர்கள் கூடுவார்கள். பாய் கொள்ளும் அளவுக்குத்தான் ஆள் சேர்ப்பார் லீலா. கொழும்பு, டாக்கா என்று எங்கிருந்தெல்லாமோ வந்து பாடுவார்கள், பேசுவார்கள். 1991 ஆடி மாதம் உள்ளூர்க் கூத்துக்காரன் கோதண்டமும் வந்து உட்கார்ந்தான். "எங்கம்மா செத்த அன்னிக்கு, பொணத்து மேல வுழுந்து நான் பாடினது" என்று ஓர் ஒப்பாரியை எடுத்தான்.

டீ கொடுத்துக்கொண்டிருந்த முனியம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். அந்த ஒப்பாரி அவள் கங்காவுக்கு அழுதது. ஒரு வரி மாறவில்லை. 'கண்ணாலம் பார்க்காத கங்கா' என்று வரும் இடத்தில் மட்டும் 'என்னப் பெத்த தாயே' என்று ஒட்டுப்போட்டிருந்தான். சாவு வீட்டில் நின்று மனப்பாடம் பண்ணியிருக்கிறான், பாவி. கூட்டமே கண்ணைத் துடைத்தது. டாக்காக்காரர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவன் அம்மா மீனம்மாளோ இரண்டு தெரு தள்ளிக் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். கேட்டீர்களா அநியாயத்தை!

அன்றைக்கே கத்தியிருக்கலாம். வீட்டு வேலை செய்பவள் பேச்சை யார் நம்புவார்கள்? வயிறு எரிய எரிய அடுத்த கூட்டம் வரை பொறுத்தாள். பிறகு மீனம்மாளைத் தேடிப் போனாள். கிழவி மனசு ஒடிந்துபோகும் என்று தெரியும். தெரிந்தேதான் போனாள்.

"அத்தே, உன் புள்ள பெரிய மனுசங்க முன்னால பாடறான். வந்து கேளு."

நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள் கிழவி. முனியம்மாள் அவளைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தாள். போனமுறை பாடிய ஒப்பாரியையே எல்லோரும் மறுபடி பாடச் சொன்னதும் கோதண்டம் கண்ணை மூடினான். "எங்கம்மா செத்த அன்னிக்கு" என்று தொடங்கி, முழுசாகப் பாடி முடித்தான்.

மீனம்மாள் எழுந்து வந்தாள். "நான் எப்படா செத்தேன்? இது கங்காவுக்கு முனியம்மா அழுததாச்சே. நானும் கூடக் குந்திகினு மாரடிச்சேனே."

"யார் இவங்க?" என்றார் லீலா.

முனியம்மாள்தான் பதில் சொன்னாள். "செத்துப்போன அவுங்கம்மாதாம்மா."

கோதண்டம் அம்மா காலில் விழுந்தான். கிழவி காலை இழுத்துக்கொண்டாள். "எனக்குத்தான் அழுது முடிச்சிட்டியே. நான் போற அன்னிக்குக் கொள்ளி வைக்க நீ வராத."

லீலா தயங்கித் தயங்கி, அந்தப் பாட்டை முனியம்மாளே ஒருமுறை பாடவேண்டும் என்றார்.

"அது என் பொண்ணுக்கு அழுதது. உங்க கூட்டத்துக்கு இல்லம்மா."

அவள் மீனம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பின்னால் கோதண்டம் தேம்பினான். "இப்ப உனக்குத் திருப்திதானாக்கா?"

முனியம்மாள் நின்று, வயிறு குளிர அவனைப் பார்த்தாள்.

"இப்ப அழுவுற பாரு, இதாண்டா உன் சொந்தப் பாட்டு."