மாலைவரை அழிக்காத போர்டு

என் கையெழுத்தைத் தேனி பஜாரே பாராட்டியது. ஆனால் அது என் கையெழுத்து என்று பஜாருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர்தான் அப்படி முத்து முத்தாக எழுதுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் மறுத்ததில்லை. நானும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு ஒருநாள்கூட வேலைக்குப் போகாதவளுக்குச் சாக்பீஸைத் தொடக் கிடைத்ததே என்றிருந்தது.

எங்களுடையது பருத்திக்கொட்டை, புண்ணாக்கு மொத்தக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கரும்பலகை நிற்கும். போர்டு என்போம். மேல் பாதியில் அன்றைய விலை. கீழ்ப் பாதியில் என் வீட்டுக்காரரின் அரசியல். காலை ரேடியோச் செய்தியைக் கேட்டுக்கொண்டே சவரம் செய்வார். சோப்பு நுரை வழிய வழிய மூன்று நான்கு வரி சொல்வார். நான் வீட்டுக்குள் வைத்தே எழுதுவேன். கடை ஆள் தூக்கிக்கொண்டு போய் வாசலில் சாய்த்து வைப்பான். சின்னமனூர், மார்க்கையன்கோட்டைப் பக்கத்திலிருந்து மாட்டுத் தீவனத்துக்கு வண்டி கட்டி வரும் விவசாயச் சம்சாரிகள் முதலில் விலையைப் பார்ப்பார்கள், பிறகு கீழே இருப்பதைப் படித்துத் தலையாட்டுவார்கள், அல்லது சிரிப்பார்கள்.

அவர் பழமைவாதி. நானாகச் சொல்லவில்லை, அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது, குடும்பத்தில் வெளியாள் தலையிடக் கூடாது, சபையில் பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது. பேங்குகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது ஒரு வாரம் போர்டு கொதித்தது. எதற்கெடுத்தாலும் பர்மிட், எதற்கெடுத்தாலும் லைசென்ஸ் என்று மூச்சு வாங்குவார். "பழசு இத்தனை நாள் நிக்கிதுன்னா அதுல என்னமோ இருக்கு" என்பார். "நேத்து வச்ச மீன் கொழம்புக்கும் அதே சட்டந்தானா?" என்று கேட்டால் முறைப்பார்.

அவர் 'அயோக்கியர்கள்' என்று சொன்னால் நான் 'ஆட்சியாளர்கள்' என்று எழுதுவேன். 'கொள்ளை' என்றால் 'வரி' என்று போடுவேன். இந்தச் சின்னத் திருட்டை அவர் கண்டுபிடித்ததே இல்லை. போர்டு வெளியே போனபிறகு அதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

அந்தப் போர்டுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. காலையில் எழுதிய விலை கடை அடைக்கும்வரை மாறாது. பத்து மணிக்கு மதுரையிலிருந்து விலை ஏறிவிட்டது என்று தகவல் வந்தாலும், எழுதின விலைக்குத்தான் சரக்குப் போகும். எதிர்த்தாற்போல் இருந்த கடைகளில் நாளைக்கு மூன்று தரம் அழித்து எழுதுவார்கள். "எழுதுனத அழிக்கிறவன் வியாபாரி இல்ல" என்பது அவருடைய வாக்கு. இதை நம்பித்தான் தூரத்து ஊர்க்காரர்கள் எங்களிடம் வந்தார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. முதல்நாள் காலையில் அவர் சொன்னதைக் கேட்டுச் சாக்பீஸைக் கீழே போட்டேன். "யுத்தம் முடியும்வரை இந்தப் போர்டு அரசாங்கத்தைக் குறை சொல்லாது. வீட்டுச் சண்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." வருஷம் பூராவும் வாய் ஓயாமல் திட்டியவர். எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருந்தவர் செங்கொடிக்காரர், தினமும் போர்டை உரக்கப் படித்துவிட்டு வம்புக்கு இழுப்பார். அவரே அன்று வாயடைத்துப்போனார் என்று கடை ஆள் வந்து சொன்னான்.

அந்தப் பதினைந்து நாளும் போர்டு வீரம் பேசியது. பதுக்குபவன் எதிரிக்கு ஒற்றன். கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி வேண்டாம், அந்தப் பணம் ராணுவ நிதிக்குப் போகட்டும். வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்புங்கள். இந்தக் கடைசி வரியை எழுதும்போது சாக்பீஸ் ஒடிந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஏற்கெனவே ஒரு பிள்ளை போயிருந்தான். என் தம்பி.

அம்மா சீக்கிரமே போய்விட்டதால் நான் சோறு ஊட்டி வளர்த்தவன். படிப்பு ஏறவில்லை, ஊர் சுற்றினான். மதுரைக்குக் கூட்டிப்போய் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் வரிசையில் நிறுத்தியவர் என் வீட்டுக்காரர்தான். "ஒழுங்கு வரும், சம்பளம் வரும், மரியாத வரும்" என்றார். மூன்றும் வந்தன. தீபாவளிக்கு முன்னால் ஓர் இன்லண்ட் கடிதமும் வந்தது. மேற்கு எல்லைப் பக்கம் போகிறோம், எந்த இடம் என்று எழுதக் கூடாது, கவலைப்படாதே. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பொறுக்கிய அரிசியையே திரும்பப் பொறுக்கினேன். தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் வாசலுக்கு ஓடுவேன், அது பால்காரர் மணியாக இருக்கும். ஜெபம் பண்ண முழங்காலில் நின்றால் முதல் வரிக்கு மேல் வார்த்தை வராது. அவருக்கும் கவலைதான், அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் கவலை போர்டு வழியாக வீரமாக வெளியே போய்விட்டது. என்னுடையது போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவர்மேல் எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

கிழக்கே எதிரிப் படை சரணடைந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன சாயங்காலம் பஜாரில் வெடி போட்டார்கள். மறுநாள் காலைச் செய்தியில் இன்னொன்று வந்தது. மேற்கிலும் இன்று இரவு முதல் நாம் சண்டையை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டதா என்று இன்னும் தெரியவில்லை. கர்த்தாவே, இன்றைக்கு ஒருநாள் மட்டும் அவனைப் பார்த்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னேன்.

அவர் சவரக்கத்தியைத் தட்டில் போட்டார். "எழுதிக்க" என்றார். "ஜெயித்துக்கொண்டிருக்கும்போது ஓங்கிய கையை யாராவது இறக்குவார்களா? இன்னும் பத்து நாள் மேற்கில் அடித்தால் நம் பேரப்பிள்ளைகளுக்கு யுத்தமே இருக்காது. அரைகுறையாக நிறுத்தினால் இதே சண்டை மறுபடி வரும். நிறுத்தாதே!" சொல்லிவிட்டு, லாரி வந்துவிட்டது என்று பழனிசெட்டிபட்டிக் குடோனுக்குச் சைக்கிளில் கிளம்பிவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். விலையை எழுதினேன். அதற்குக் கீழே 'ஓங்கிய கையை' என்பதுவரை எழுதினேன். அந்தப் பத்து நாளை என்னால் எழுத முடியவில்லை. பதினைந்து நாளை எப்படிக் கடத்தினேன் என்று எனக்குத்தான் தெரியும். கடைசியில் இப்படி எழுதினேன்: 'ஜெயித்துக்கொண்டிருக்கும்போது ஓங்கிய கையை இறக்கவும் தைரியம் வேண்டும். நிறுத்தியது சரி. மேற்கில் நிற்கிற பிள்ளைகள் உயிரோடு வீடு வந்து சேரட்டும்!' அவருடைய தோரணையிலேயே, அவர் போடுவதுபோல ஒரு ஆச்சரியக்குறியும் போட்டேன். கடை ஆள் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பத்தரை மணிக்கு அவர் திரும்பி வந்தபோது டீக்கடைக்காரர் சாலையைக் கடந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். "அண்ணாச்சி, உங்களப் பத்தி நான் தப்பா நெனச்சுட்டேன். மனுசன்னா நீங்கதான்." அதற்குப் பிறகுதான் அவர் திரும்பிப் போர்டைப் பார்த்திருக்கிறார். செங்கொடிக்காரர் வாயால் பாராட்டு வாங்கியது அவருக்கு எத்தனை பெரிய தண்டனை என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

மதியம் சாப்பிட வந்தார். இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"யாரு எழுதச் சொன்னது?"

"நானாத்தான் எழுதுனேன்."

"அது என் கட போர்டு."

"அங்கன நிக்கிறது என் தம்பி."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கே தாங்கவில்லை. "போய் அழிச்சிருங்க, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"காலைல எழுதுன வெலைய நான் என்னைக்காச்சும் அழிச்சிருக்கேனா? மேல ஒரு சட்டம், கீழ ஒரு சட்டமா?" என்றார். கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனார். அன்று மாலைவரை, தான் ஒரு வார்த்தைகூட ஒத்துக்கொள்ளாத அந்த மூன்று வரிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டவர்களிடம் "ஆமா, நம்ம போர்டுதான்" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் எதிர்த்தரப்பும் ஒத்துக்கொண்டது என்று செய்தி வந்தபோது வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "நின்னுருச்சு" என்றார். நான் அழுதேன். அவர் போய்க் கடையை அடைத்தார்.

மறுநாளிலிருந்து போர்டை அவரே எழுதினார். அவர் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். "அண்ணாச்சிக்குக் கையில என்ன?" என்று பஜாரே விசாரித்தது. சுளுக்கு என்றார். சாக்பீஸ் டப்பா அவர் மேஜைக்குப் போனது. அதற்குப் பிறகு என்னிடம் அதை அவர் தரவே இல்லை.

பொங்கல் கழிந்து தம்பி லீவில் வந்தான். போடி ரயிலிலிருந்து பெட்டியோடு இறங்கியவனை நான் தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. மதியம் இருவரையும் உட்கார வைத்து ஆட்டுக்கறி பரிமாறினேன். அவர் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

"மாப்ள, இன்னும் பத்து நாள் விட்டுருந்தா முடிச்சிருப்பீக, இல்லையா?"

"ஆமா மச்சான். கை எங்க பக்கம் ஓங்கித்தான் இருந்துச்சு. நிறுத்துனது எங்க ஆளுக ஒருத்தருக்கும் பிடிக்கல" என்றான் அவன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கரண்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். யாருக்காக எழுதினேனோ அவனே அவர் பக்கம் உட்கார்ந்துகொண்டான். எனக்கு அவமானமாக இருந்தது.

கை கழுவ அவன் பின்கட்டுக்கு வந்தபோது செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். அவன் குனிந்தபடியே சொன்னான்.

"போர்டு சங்கதிய மச்சான் சொன்னாக. கடுதாசி போட்டுருந்தாக. உங்க அக்கா இப்படிப் பண்ணிட்டான்னு."

"சரி, நீயும் திட்டு."

அவன் கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான். "நின்னுருச்சுன்னு சொன்ன அன்னைக்கு, குழிக்குள்ள உக்காந்து அழுதுட்டேன்க்கா. எனக்குப் பக்கத்துல இருந்தவன் முந்தின நாள்தான் குண்டு பட்டுப் போனான். இன்னொரு நாள் என்னால முடிஞ்சிருக்காது." ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "மச்சான்கிட்ட சொல்லிராத" என்றான்.

நான் அவன் தலையில் கை வைத்தேன். செம்பில் இருந்த மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே வந்தேன். அவர் இலையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எச்சில் கை காய்ந்துபோயிருந்தது. போர்டில் அத்தனை வீரம் பேசிய மனிதரின் முகத்தில் அன்றைக்குப் பயம் தெரிந்தது. அவனை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியவர் அவர்தானே.

"என்னத்தா, என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

"உங்க பக்கந்தான் பேசுறான்" என்றேன்.