சிவப்புத் துணி இல்லாத டேங்க்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் செழியன் வீடு எது என்று கேட்டால், "கடலுக்குப் போறவரா?" என்று சிரித்துக்கொண்டேதான் கை காட்டுவார்கள். ஊர் உலகமெல்லாம் மலையைத் தேடி வருகிற இடத்தில் பிறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடலைத் தேடி ஓடுகிறவனை வேறு எப்படிச் சொல்வார்கள்? வாரம் முழுக்கக் குட்டி யானை என்கிற மினி லாரியில் பந்தல் சாமான் ஏற்றுவான். ஞாயிறு விடிவதற்குள் அதே வண்டியில் கயாக்கை ஏற்றிக் கட்டிக்கொண்டு மரக்காணம் கிளம்பிவிடுவான். ஆசிரமத்துக்கு வந்து வருஷக்கணக்கில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன சின்னப் படகு அது. ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போட்டுத் தூண்டில் வீசலாம்.

மீன் அவனைப் படுத்தியதைவிட உப்பு படுத்தியதுதான் ஜாஸ்தி. கடல் தண்ணீர் பட்ட தூண்டில் ரீலை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் அடுத்த வாரம் அது சுற்றாது. மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் ஆரம்பித்தான். பாதி வேலையிலேயே தண்ணீர் தீர்ந்தது. வண்டிக் கூரைமேல் பிளாஸ்டிக் குழாயில் நிரப்பிக் கட்டினான். அது வழியெல்லாம் ஒழுகியது. கடைசியில், முதுகில் மாட்டி மருந்து அடிக்கிற டேங்க் கண்ணில் பட்டது. கைப்பிடியை அடித்தால் தண்ணீர் தூறலாக விழும், செலவும் கம்மி. உடனே அதே மாதிரி நீல டேங்க் இன்னொன்று வாங்கிவிட்டான். வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லை வரப்புக்குக் களை மருந்து அடிக்கிற பழைய டேங்க்கின் தோள்பட்டியில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணியைக் கட்டினான். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆயுத பூஜை வந்தது. மண்வெட்டி, அரிவாள், தூண்டில், இரண்டு டேங்க் எல்லாவற்றையும் அவன் மனைவி வினோதினி தேய்த்துக் கழுவிப் பொட்டு வைத்துப் படைத்தாள். அடுத்த பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. செழியன் இருட்டில் மோட்டாரைப் போட்டு, துணி கட்டாத டேங்க்கைத் தடவிப் பார்த்து எடுத்து, நிரப்பிக்கொண்டு போனான்.

கூட்டத்துக்கு முன்னால் வீடு சேரலாம் என்று கடற்கரையில் ரீலை அலசாமலே கிளம்பி, சாயங்காலம் அவன் திரும்பியபோது கிரிவலப் பாதை முழுக்கத் தலைகளாக இருந்தது. பௌர்ணமியன்று உள்ளே வண்டி விடமாட்டார்கள். கூட்டம் குறைகிறவரை உப்பு காத்திருக்காது என்று, தடுப்புக்கு வெளியே ஓரங்கட்டி டேங்க்கை இறக்கினான். அப்போது ஒரு பெண் பச்சை ஒயர் கூடையோடு வந்து நின்றாள். பக்கத்தில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய சின்னப் பையன், வெறுங்காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தான். தார் ரோட்டில் கால் கொப்பளித்துப் போச்சு, கொஞ்சம் தண்ணி அடிச்சுவிட முடியுமா என்று கேட்டாள். செழியன் சந்தோஷமாகப் பையனின் காலில் அடித்தான். பையன் சிரித்துக்கொண்டே கையைக் குவித்து ஏந்தினான். அதிலும் அடித்துவிட்டு, செழியன் ரீலை எடுக்கத் திரும்பினான். புண்ணியமாகப் போகும் என்று சொல்லிவிட்டு அவள் கூட்டத்தில் கலந்தாள்.

ரீல்மேல் தண்ணீர் பட்டதும் நுரைத்தது.

அவன் குனிந்து முகர்ந்தான். அந்த நெடி அவனுக்கு நன்றாகத் தெரியும்.  உடனே வினோதினிக்குப் போன் போட்டான்.

"சிவப்புத் துணி எந்த டேங்க்ல இருந்துச்சு?"

"பூஜைக்கு அழுக்குத் துணியாட்டம் இருக்குதேனு அவுத்துத் துவைச்சேங்க. மறுநாள் கட்டறப்ப ரெண்டும் ஒண்ணாட்டம் இருந்துச்சு. புதுசா தெரிஞ்சத விட்டுட்டு மத்ததுல கட்டினேன்."

பூஜைக்குத் தேய்த்த தேய்ப்பில் இரண்டுமே புதுசாகத்தான் இருந்திருக்கும். டேங்க்கை எப்படிக் கழுவினாலும் குழாய்க்குள் தங்கிய மருந்துதான் முதலில் வெளியே வரும். அந்த முதல் தண்ணீரைத்தான் பையனுக்கு அடித்திருக்கிறான். பையன் கையைக் குவித்தது முகம் கழுவவா, குடிக்கவா? அதைத்தான் அவன் பார்க்கவில்லை.

டேங்க்கை மாட்டியபடியே ஓடினான். பாதையில் எல்லோரும் ஒரே திசையில் நடப்பது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல். மற்றபடி எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தான். சிலர் திட்டினார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். தன் வீட்டைத் தாண்டும்போது வினோதினி வாசலில் அழுதபடி நின்றாள், நிற்காமல் ஓடினான். இதே பாதையில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறான், சாமியிடம் இப்படிக் கெஞ்சியதில்லை.

சுண்டல் வண்டி ஒன்றின் பக்கத்தில் பச்சைக் கூடை தெரிந்தது. பையன் அம்மாவின் தோளில் சாய்ந்து கிடந்தான். செழியனுக்கு உயிரே போய்விட்டது.

"இவன் தண்ணி குடிச்சானா?"

கால் வலிக்குதுனு தூக்கச் சொன்னான், தூங்கிட்டான், என்ன விஷயம் என்று அவள் கேட்டாள்.  செழியன் பையனை வாங்கிக்கொண்டு பாதையோர மருத்துவ முகாமுக்கு ஓடினான். அவள் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். முகாமில் நர்ஸ் என்னவென்று கேட்டார். தாய் பக்கத்தில் நிற்கிறாள். சொல்லாமல் முடியாது. களை மருந்தின் பேரைச் சொன்னான்.

அந்தப் பேர் பையனின் தாய் சரோஜாவுக்குத் தெரிந்த பேர்தான். கீழ்பென்னாத்தூர் பக்கம் கொல்லைவேலை செய்கிறவள் அவள். அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"எம்புள்ளைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி, நீ ஒரு வாய் குடிச்சுப் பாத்தியா?"

அறையைவிட அது வலித்தது.

எழுப்பிக் கேட்டதற்கு, பையன் மிரண்டுபோய் எல்லார் முகத்தையும் பார்த்தான். கசந்தது, துப்பிவிட்டேன் என்றான். கொஞ்சமாவது உள்ளே போயிருந்தால்? வாயையும் கண்ணையும் கழுவி, ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தப் பரிசோதனையெல்லாம் முடிந்து ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறவரை, செழியன் வார்டு வாசலைவிட்டு நகரவில்லை. வினோதினி கொண்டுவந்த சோற்றையும் அவன் தொடவில்லை. சரோஜா அவனைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிளம்பும் அன்று பஸ் ஏற்றிவிடப் போனான். பையன் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தான். சரோஜா படியில் கால் வைத்தவள், திரும்பினாள்.

"எங்க வூட்லயும் ஒரே ஒரு டேங்க்குதான்," என்றாள். "மருந்தடிச்சுட்டு அலசி, அதுலதான் செடிகொடிக்குத் தண்ணி அடிக்கிறேன். புள்ள அதுல நனைஞ்சு ஆடும்." உள்ளே போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செழியன் கடலை விடவில்லை. ஆனால் நல்ல தண்ணீருக்காக வாங்கிய டேங்க்கை உடைத்துப் போட்டான். இப்போது குழாய் வைத்த குடிதண்ணீர் கேனில்தான் ரீலை அலசுகிறான். வெளியிலிருந்தே உள்ளே இருப்பது தெரியும். பௌர்ணமியன்று தடுப்புக்கு வெளியே வண்டியை நிறுத்தினால், காலுக்குக் கொஞ்சம் தண்ணி என்று யாராவது வந்து நிற்பார்கள். அவன் கேனைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து, அவர்கள் எதிரிலேயே ஒரு வாய் குடிப்பான். தாகம்போல என்று நினைத்துக்கொண்டு அவர்கள் காத்திருப்பார்கள். விழுங்கிவிட்டுச் சற்று நேரம் நிற்பான். அப்புறம்தான் அவர்கள் காலில் ஊற்றுவான்.