தீதியின் மோதிர விரல்

கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குடியிருப்பில் அவர் வீடு. அவர் வாசித்தது இந்துஸ்தானி வயலின், நான் கர்நாடகம். என்னைவிட மூத்தவர் என்பதால், அக்கா என்ற அர்த்தத்தில், தீதி என்று கூப்பிடுவேன். ஒரு கல்யாண வரவேற்பில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பேசிப் பழக்கமானோம். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ பிடித்து, வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன்.

சேர்ந்து வாசிக்க ஒரே ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டோம். எங்களுக்கு அது ஹிந்தோளம், அவர்களுக்கு மால்கௌன்ஸ். ஸ்வரங்கள் ஒன்றுதான். ஆனாலும் ஒட்டவில்லை. என் காந்தார ஸ்வரம் அசையும். அவருடையது அசையாமல் நிற்கும்.

"அதை ஏன் போட்டு இப்படி உலுக்குகிறாய்? பாவம், நிற்கவிடேன்" என்பார் இந்தியில்.

"நின்னா உயிரே இல்லாத மாதிரி இருக்கு தீதி" என்பேன் நானும் இந்தியில்.

சிரித்துவிட்டு மறுபடி வில்லை எடுப்போம். ஒரு குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள் அவர் மத்யமத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கினார். நான் அசைவைப் பாதியாகக் குறைத்து அங்கே போய்ச் சேர்ந்தேன். எது என் வயலின், எது அவருடையது என்று எனக்கே தெரியவில்லை. வாசித்து முடித்து வில்லைக் கீழே வைத்தோம். பிறகு அவர் "அச்சா" என்றார், அவ்வளவுதான். சீக்கிரமே ஒரு சபாவில் எங்களுக்கு ஒரு மாலைக் கச்சேரி ஒதுக்கினார்கள்.

அப்போதுதான் அவருடைய இடது கை மோதிர விரல் மடங்க ஆரம்பித்தது. வலி கிடையாது. துணி பிழிவார், மாவு பிசைவார், ஒன்றும் ஆகாது. தந்தியில் வைத்தால் மட்டும் தானாக உள்ளே சுருண்டுகொள்ளும். மூளைக்கும் விரலுக்கும் நடுவில் ஏதோ குழம்பியிருக்கிறது, பழையபடி வரும் என்று சொல்ல முடியாது என்றார் நரம்பு டாக்டர். ஊசி போட்டார்கள், ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற விரல்களை மட்டும் வைத்து வாசிக்கப் பழகினார். கொஞ்ச நாளில் நடுவிரலும் மடங்கத் தொடங்கியது. கச்சேரியை ரத்து செய்தோம்.

அதற்குப் பிறகும் நான் போய்க்கொண்டிருந்தேன், வயலின் இல்லாமல். டீ போடுவார். டிவி ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் என்னை வழியனுப்ப வந்தவர் வாசலில் நின்று, "இனிமேல் வராதே. உன்னைப் பார்த்தால் கை பரபரக்கிறது. என்னால் முடியவில்லை" என்றார். நான் படி இறங்கினேன்.

அந்த வருஷ நவராத்திரிக்கு எங்கள் பக்கத்துக் கோயிலில் தனியாக ஹிந்தோளம் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாமா அருகில் வந்து, "சுருதியெல்லாம் சுத்தமா இருந்தது. ஆனா ஹிந்தோளம் வரலையேம்மா" என்றார். அவர் சொன்னது சரி. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழைய அசைவைக் கொண்டுவரப் பார்த்தேன், பல நாள். விரல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. எதிரே அவர் வயலின் இருந்தால்தான் அந்தப் பாதிக்கு அர்த்தம். இப்போது யாராவது ஹிந்தோளம் கேட்டால் வேறு எதையாவது வாசித்துவிடுகிறேன்.